மணம் வராத திரையும் ஊரறிந்த பாட்டும்

விற்பது அரிது, பாடுவது பொது

வாசனைத் திரவிய விளம்பரம் ஒன்றை ஒலியை அடைத்துவிட்டுப் பார்த்தால் அதில் சொல்லும்படி எதுவும் இருப்பதில்லை. ஒரு பெண் படியிறங்குகிறாள்; யாரையோ திரும்பிப் பார்க்கிறாள்; கடைசி இரண்டு நொடியில் ஒரு கண்ணாடிப் புட்டியும் ஒரு பெயரும் வந்து நிற்கின்றன. விலை கிடையாது. என்ன கலந்தது, எவ்வளவு நேரம் மணக்கும் என்ற பேச்சும் கிடையாது. சோப்பு விற்பவர் நுரையைக் காட்டலாம், காப்பித்தூள் விற்பவர் ஆவியைக் காட்டலாம். சென்ட் விற்பவருக்குக் காட்ட ஒன்றுமில்லை. ஒலியைத் திறந்தால் அங்கே ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. பல சமயம் அது பார்ப்பவருக்கு ஏற்கெனவே தெரிந்த பாட்டு.

இங்கேதான் புதிர் தொடங்குகிறது. ஆடம்பரப் பொருளுக்கு மதிப்பு, அது எல்லாரிடமும் இல்லை என்பதால் வருகிறது. வெகுஜனப் பாட்டுக்கு மதிப்பு, அது எல்லாரிடமும் இருக்கிறது என்பதால் வருகிறது. தேநீர்க் கடையிலும் வாடகைக் காரிலும் காசில்லாமல் காதில் விழுகிற ஒன்றைக் கொண்டு, சிலரே வாங்கக்கூடிய ஒன்றை விற்பது எப்படி? 2011இல் வந்த டியோர் நிறுவனத்தின் ஜாடோர் விளம்பரத்தில் நடிகை சார்லீஸ் தெரோன் வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தில் நடந்து வருகிறார். அந்த மண்டபத்துக்குப் பொருத்தமாக பதினான்காம் லூயி காலத்து அரசவை இசையை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. ஆர்கன்சா மாநிலத்து இளைஞர்கள் தொடங்கிய காசிப் என்ற குழுவின் ‘ஹெவி கிராஸ்’ அங்கே முழங்குகிறது. கண்ணுக்கு அரண்மனை, காதுக்குத் தெரு.

மூக்குக்குச் சொல் பஞ்சம்

சுவைக்கு ஆறு பெயர்கள் இருக்கின்றன. நிறத்துக்கு இன்னும் அதிகம். மணம் என்று வரும்போது மொழி கைவிரித்துவிட்டுப் பொருளின் பெயரைக் கடன் வாங்குகிறது: மல்லிகை மணம், மண்வாசனை, தாளிக்கிற வாசனை. இருக்கிற சொற்களும் நிலையாக நிற்பதில்லை. ‘நாற்றம்’ ஒரு காலத்தில் நறுமணத்தைக் குறித்த சொல். இன்று அதை ஒரு சென்ட் புட்டியின்மேல் எழுதினால் புட்டி கடையிலேயே தங்கிவிடும்.

வாசனை தயாரிப்பவர்கள் இந்தப் பஞ்சத்தை இசையிடம் கடன் வாங்கித் தீர்த்துக்கொண்டார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் லண்டனில் இருந்த செப்டிமஸ் பீஸ் என்ற வாசனைத் தயாரிப்பாளர், மணங்களை ஸ்வர வரிசையில் கீழிருந்து மேலாக அடுக்கிக் காட்டினார். அவருடைய அடுக்கை இன்று யாரும் பின்பற்றுவதில்லை. ஆனால் பேச்சுவழக்கு தங்கிவிட்டது. முகர்ந்தவுடன் எழுவது மேல் ‘நோட்’, மணிக்கணக்கில் தோலில் தங்குவது அடி ‘நோட்’, இரண்டு மூன்று மணங்கள் கலந்து ஒன்றாகிவிடுவது ‘அக்கார்டு’. கைக்கெட்டும் தூரத்தில் நூற்றுக்கணக்கான சிறு புட்டிகளை அரைவட்டமாக அடுக்கி வைத்திருக்கும் மேசைக்குப் பெயர் ‘ஆர்கன்’.

இது வெறும் உவமைதானா? ஆக்ஸ்ஃபோர்டில் ஆன்-சில்வி கிரிசினெலும் சார்ல்ஸ் ஸ்பென்சும் ஆட்களுக்கு வாசனைகளை முகரக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஏற்ற ஸ்வரத்தையும் வாத்தியத்தையும் எடுக்கச் சொன்னார்கள். 2012இல் வெளியான முடிவுகளின்படி, தேர்வுகள் மனம்போனபடி சிதறவில்லை. பழ மணங்களைப் பெரும்பாலும் உயர்ந்த ஸ்வரங்களோடு சேர்த்தார்கள். ஒரு புலனில் விழுந்தது இன்னொரு புலனில் இணை தேடும் இந்தப் போக்கைப் புலனொப்பு என்று அழைக்கலாம்.

இதைக் கொண்டு, விளம்பரக்காரர்கள் ரோஜாவுக்கு எந்த ஸ்வரம், சந்தனத்துக்கு எந்த ஸ்வரம் என்று கணக்குப் பார்த்துப் பாட்டு எடுக்கிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அவர்களுக்குப் பயன்படுவது இதைவிடப் பொதுவான ஓர் ஒற்றுமை. மணமும் இசையும் கண்ணுக்குத் தெரியாதவை. இரண்டும் நேரத்தில் விரிந்து நேரத்தில் கரைபவை. பொருள் புரிவதற்கு முன்பே மனநிலையை மாற்றிவிடுபவை. திரையால் கொண்டுவர முடியாத ஒன்று விட்டுப்போன இடத்தில், அதே மாதிரி வேலை செய்யும் இன்னொன்றை உட்கார வைக்கிறார்கள்.

அரை நொடி போதும்

விளம்பரத்துக்குக் கிடைப்பது முப்பது நொடி, மிஞ்சினால் அறுபது. அதற்குள் ஒரு புது ராகத்தை அறிமுகம் செய்து, பிடிக்கவும் வைப்பது கடினம். தெரிந்த பாட்டு அந்த நேரத்தை மிச்சப்படுத்துகிறது. எவ்வளவு மிச்சம் என்பதைக் கார்னெல் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் கரோல் க்ரம்ஹான்சல் 2010இல் அளந்து காட்டினார். பிரபலமான பாட்டுகளிலிருந்து 400 மில்லி நொடித் துண்டுகளை, அதாவது அரை நொடிக்கும் குறைவாக, வெட்டிக் கேட்க வைத்தார். நான்கில் ஒரு தடவைக்கு மேலாகவே கேட்டவர்கள் பாடியவர் பெயரையும் பாட்டின் பெயரையும் சரியாகச் சொன்னார்கள்.

அந்த ஆய்வில் அதிகம் பேசப்படாத இன்னொரு முடிவுதான் இங்கே முக்கியம். பாட்டு எதுவென்று தெரியாதபோதும், அது எந்தப் பத்தாண்டைச் சேர்ந்தது, எந்த வகை, என்ன உணர்ச்சி என்பதைக் கேட்டவர்களால் ஓரளவு ஒத்த கருத்தோடு சொல்ல முடிந்தது. ஒலிவாங்கியின் தன்மை, டிரம் ஒலிக்கும் விதம், குரலைச் சுற்றியிருக்கும் எதிரொலி எல்லாம் சேர்ந்து பதிவின்மேல் ஒரு தேதி முத்திரையைக் குத்திவிடுகின்றன. பாட்டை அறியாதவரும் அந்த முத்திரையைப் படிக்கிறார்.

அந்தத் தேதிக்கு ஏன் இவ்வளவு கனம்? மோரிஸ் ஹால்புருக்கும் ராபர்ட் ஷிண்ட்லரும் 1989இல் 16 முதல் 86 வயது வரையிலான 108 பேரிடம், 1932க்கும் 1986க்கும் இடையே வந்த 28 பாட்டுகளைப் போட்டுக் காட்டி மதிப்பெண் கேட்டார்கள். அவரவருக்கு அதிகம் பிடித்திருந்தது, அவரவர் ஏறத்தாழ 23, 24 வயதில் இருந்தபோது வெளிவந்த பாட்டு. பதின்ம வயதிலிருந்து இருபதுகள் வரை நடந்தவை பிற்கால நினைவில் மற்ற ஆண்டுகளைவிட உயர்ந்து நிற்பதை உளவியலாளர்கள் வேறு வழிகளிலும் கண்டிருக்கிறார்கள். இதை நினைவு மேடு எனலாம்.

அப்படியானால் பழைய பாட்டு வயதானவர்களுக்கு மட்டும்தானா? சென்ட் கம்பெனிகள் இளைஞர்களை விட்டுவிடுவதில்லையே. க்ரம்ஹான்சலும் ஜஸ்டின் ஜுப்னிக்கும் 2013இல் கல்லூரி மாணவர்களைச் சோதித்தபோது, அவர்களுக்கு இரண்டாவது மேடு ஒன்று இருந்தது. அது அவர்கள் பிறப்பதற்கு முந்தியது. அவர்களுடைய பெற்றோர் இளைஞர்களாக இருந்த காலத்தின் பாட்டுகளில் விழுந்தது. வீட்டில் ஓடிய பாட்டு, பிள்ளைகளின் நினைவாகவும் ஆகிவிடுகிறது. மேடு வழிவழியாக இறங்குகிறது.

பேனாவும் பாட்டும்

ஒரு பாட்டின் இனிமை பக்கத்தில் இருக்கும் பொருளின்மேல் ஒட்டிக்கொள்ளுமா? இதைச் சோதித்த மிகப் பிரபலமான ஆய்வு 1982இல் வந்தது. ஆய்வாளர் ஜெரால்ட் கார்ன், மாணவர்களுக்கு ஒரு பேனாவின் படத்தைக் காட்டினார். பேனா சாதாரணமானது, வெளிர்நீலம் அல்லது மங்கல் மஞ்சள். படம் திரையில் இருந்தபோது பின்னணியில் இசை ஓடியது. பிறகு ஆளுக்கு ஒரு பேனா எடுத்துக்கொள்ளச் சொன்னார். பிடித்த இசையோடு பேனாவைப் பார்த்தவர்களில் 79 சதவீதம் பேர் அதே நிறத்தை எடுத்தார்கள். பிடிக்காத இசையோடு பார்த்தவர்களில் 30 சதவீதம் பேர்தான் எடுத்தார்கள்.

பிடித்த இசையாக அவர் வைத்தது ‘கிரீஸ்’ என்ற ஹாலிவுட் படத்தின் இசை. பிடிக்காத இசையாக வைத்தது இந்தியச் செவ்வியல் இசை. மயிலாப்பூரில் மார்கழி மாதத்து சபா வாசலில் இதே மேசையைப் போட்டிருந்தால், மிஞ்சிய பேனாக்களின் நிறம் வேறாக இருந்திருக்கும். பாட்டில் இனிமை என்று தனியாக ஒன்று உட்கார்ந்திருப்பதில்லை. கேட்பவர் எங்கே வளர்ந்தார் என்பதோடு சேர்ந்துதான் அது வேலை செய்கிறது.

இந்த ஆய்வை விளம்பரத் துறையினர் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். 1989இல் ஜேம்ஸ் கெல்லாரிஸும் அந்தனி காக்ஸும் இதேபோன்ற சோதனைகளைச் செய்தபோது விளைவு வரவில்லை என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. ஆய்வாளர் எதை எதிர்பார்க்கிறார் என்பதை மாணவர்கள் ஊகித்து, அதற்கேற்ப நடந்திருக்கலாம் என்பது அவர்களுடைய சந்தேகம். ஒரே ஒரு தடவை கேட்ட பாட்டு கையைப் பிடித்து இழுத்துப் புட்டியை எடுக்க வைக்கும் என்பதை நம்ப இடமில்லை.

பல ஆண்டு விடாமல் சேர்த்துக் கேட்டால் கதை வேறு. டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் 1984இல் கூட்டாகத் தொடங்கிய டைட்டன், ஓசூரில் செய்த கைக்கடிகாரங்களுக்கு மொஸார்ட்டின் 25ஆம் சிம்பொனியிலிருந்து ஒரு துணுக்கை விளம்பர இசையாக எடுத்துக்கொண்டது. மொஸார்ட் அதை 1773இல், 17 வயதில் எழுதினார். இன்று அந்த சிம்பொனியைக் கேட்கிற இந்தியர் பலருக்கு சால்ஸ்பர்க் நகரம் நினைவுக்கு வருவதில்லை; கடிகாரம் பரிசளிக்கும் கைகள்தான் வருகின்றன. அங்கே இசையிலிருந்து பொருளுக்குப் போன மதிப்பு, பொருளிலிருந்து இசைக்குத் திரும்பியும் வந்துவிட்டது.

கடைக்குள் நடந்த இரண்டு ஆய்வுகள் இன்னும் நேரடியானவை. 1997இல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஏட்ரியன் நார்த்தும் கூட்டாளிகளும், ஓர் ஆங்கில சூப்பர் மார்க்கெட்டில் பிரெஞ்சு, ஜெர்மன் ஒயின்களை அருகருகே அடுக்கி, ஒரு நாள் பிரெஞ்சு அக்கார்டியன், மறுநாள் ஜெர்மன் பேண்டு இசை என்று மாற்றி மாற்றி வைத்தார்கள். பிரெஞ்சு இசை ஓடிய நாட்களில் ஒரு ஜெர்மன் புட்டிக்கு ஐந்து பிரெஞ்சுப் புட்டிகள் போயின. ஜெர்மன் இசை ஓடிய நாட்களில் ஒரு பிரெஞ்சுப் புட்டிக்கு இரண்டு ஜெர்மன் புட்டிகள். வாங்கியவர்களைக் கேட்டால், இசைதான் காரணம் என்று ஒப்புக்கொண்டவர்கள் மிகச் சிலர்.

இன்னொன்று சார்ல்ஸ் அரேனியும் டேவிட் கிம்மும் 1993இல் வெளியிட்டது. ஓர் அமெரிக்க ஒயின் கடையில் செவ்வியல் இசையும் அந்தக் காலத்து ஹிட் பாட்டுகளும் மாறி மாறி ஓடின. விற்ற புட்டிகளின் எண்ணிக்கை பெரிதாக மாறவில்லை. ஆனால் செவ்வியல் இசை ஓடியபோது வாடிக்கையாளர்கள் விலை கூடிய புட்டிகளை எடுத்தார்கள்.

இது முதலில் சொன்ன புதிரை இன்னும் இறுக்குகிறது. விலையுயர்ந்ததை எடுக்க வைப்பது செவ்வியல் இசை என்றால், ஆடம்பரக் கம்பெனிகள் ஹிட் பாட்டின் பக்கம் போகவே கூடாது. சில சமயம் அவர்கள் செவ்வியல் இசையையே எடுத்ததும் உண்டு. ஷனெல் நிறுவனம் 1990இல் எகோயிஸ்ட் என்ற சென்ட்டின் விளம்பரத்துக்கு இசையமைப்பாளர் ப்ரோகோஃபியேவின் இசையை எடுத்தது. 2004இல் தன் நம்பர் 5 வாசனைக்காக நிக்கோல் கிட்மேன் நடித்த குறும்படத்துக்கு டெபுஸ்ஸியின் ‘க்ளேர் டி லூன்’. ஆனாலும் பட்டியலில் பெரும்பகுதி வெகுஜனப் பாட்டுதான். காரணத்தை ஓர் உதாரணத்தைப் பிரித்துப் பார்த்தால் பிடிக்கலாம்.

1987: நம்பர் 5உம் நீனா சிமோனும்

ஷனெல் நம்பர் 5, 1921இல் எர்னஸ்ட் போ உருவாக்கிய வாசனை. அறுபது ஆண்டு கடந்த பின் அதற்கு ஒரு சங்கடம் வந்தது: எல்லாருக்கும் பெயர் தெரியும், ஆனால் அது பாட்டி காலத்துச் சென்ட். 1987இல் பிரிட்டனின் தொலைக்காட்சியில் ஓடிய அதன் விளம்பரத்துக்கு எடுத்த பாட்டு ‘மை பேபி ஜஸ்ட் கேர்ஸ் ஃபார் மீ’. பாடியவர் நீனா சிமோன்.

பாட்டு அவருடையதல்ல. 1930இல் வந்த ‘வூப்பி’ என்ற படத்துக்காக வால்டர் டொனால்ட்சன் மெட்டுப் போட, கஸ் கான் சொல் எழுதினார். படத்தில் எட்டி கேன்டர் பாடினார். சிமோன் 1957 இறுதியில், 24 வயதில், தம் முதல் ஆல்பத்துக்காக இதைப் பதிவுசெய்தார். அவர் விரும்பியது கச்சேரி மேடையில் பாக் வாசிக்கும் பியானோக் கலைஞராவது. ஃபிலடெல்பியாவின் கர்டிஸ் இசைக் கல்லூரி இடம் கொடுக்கவில்லை. பிழைப்புக்காக அட்லான்டிக் சிட்டியில் ஒரு மதுக்கடையில் வாசிக்கப் போனார். பாடவும் வேண்டும் என்று முதலாளி சொன்னதால் பாடகியானார். இந்தப் பாட்டின் நடுவில் வரும் பியானோ வாசிப்பில், ஜாஸின் நடையோடு பாக்கின் ஒழுங்கும் சேர்ந்து கேட்பதற்குக் காரணம் இதுதான்.

இனி விளம்பரத்தில் பாட்டு செய்த வேலையைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

முதலில் தொடக்கம். குரல் வருவதற்கு முன் தாழ்ந்த ஸ்வரங்களில், ஆள் நடப்பது போன்ற ஒரு தாளம் சுற்றி வருகிறது. அவசரம் இல்லாத நடை. அதன்மேல் எந்தக் காட்சியைப் போட்டாலும் அது நிதானமாகத் தெரியும். நிதானம் பணத்தின் அடையாளம். தள்ளுபடி விலை விளம்பரங்கள் எப்போதும் வேகமாகத்தான் ஓடுகின்றன.

இரண்டாவது தேதி முத்திரை. 1987இல் வானொலியை நிறைத்திருந்தவை சின்தசைசரும் மின்னணு டிரம்மும். அவற்றுக்கு நடுவே ஒரு பியானோ, ஒரு டபுள் பாஸ், ஒரு டிரம், ஒரு குரல். யார் பாடுகிறார் என்று தெரியாதவருக்கும் இது 1950களின் ஒலி என்று தெரியும். ‘பாட்டி காலம்’ என்ற குறை இங்கே ‘நல்ல பழைய காலம்’ என்று பெயர் மாறுகிறது. குறையை மறைக்காமல் அதையே உடுத்திக்கொண்டது, இந்த விளம்பரத்தின் ஆகப்பெரிய சாமர்த்தியம்.

மூன்றாவது சொல். பாட்டின் பொருள் சுருக்கமாக இதுதான்: என்னவனுக்கு நல்ல துணிமணி வேண்டாம், கார் வேண்டாம், பெரிய மனிதர்கள் கூடும் இடங்கள் வேண்டாம், சினிமா நட்சத்திரங்களும் வேண்டாம், நான் மட்டும் போதும். சிமோனின் பட்டியலில் எலிசபெத் டெய்லர்கூட வருகிறார். அதாவது, ஆடம்பரம் ஒரு பொருட்டல்ல என்று சொல்லும் பாட்டை வைத்து ஆடம்பரம் விற்கப்பட்டது.

இது கவனக்குறைவாகத் தோன்றலாம். ஆனால் பொருத்தம் இங்கேதான் இருக்கிறது. விலையுயர்ந்த சென்ட் தன்னைப் பற்றித் தானே சொல்ல முடியாத ஒரே செய்தி, ‘இது பணத்தைப் பற்றியதல்ல’ என்பது. கம்பெனி சொன்னால் சிரிப்பார்கள். பாட்டு சொன்னால் யாரும் சிரிப்பதில்லை, ஏனென்றால் பாட்டு எதையும் விற்க வந்ததாகத் தெரியவில்லை. சென்ட் பெரும்பாலும் பரிசாக வாங்கப்படும் பொருள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு முழுமையாகிறது. வாங்குபவர் புட்டியின் விலையைக் கொடுக்கிறார். பெறுபவரின் காதில் ‘நீ மட்டும் போதும்’ என்று விழுகிறது.

நான்காவது, நடக்காமல் போன ஒன்று. மேலே சொன்ன அடையாளம் காணும் வேகம் இந்த விளம்பரத்தில் பெரும்பாலும் வேலை செய்திருக்க முடியாது. சிமோனின் இந்தப் பதிவு அதற்கு முன் பிரிட்டனில் ஹிட் ஆனதே இல்லை. பார்த்தவர்களுக்குக் கிடைத்தது சொந்த நினைவு அல்ல. யாருடையதோ ஒரு நினைவு. ஆனால் அது பழகிய நினைவு போலவே இருந்தது. பாட்டு எதுவென்று தெரியாமலே அதன் காலம் தெரிந்துவிடும் என்ற ஆய்வு முடிவு இங்கே கைகொடுக்கிறது. தெரிந்த பாட்டு வேண்டும் என்பது கட்டாயமல்ல. தெரிந்தது போன்ற பாட்டும் போதும்.

விளைவு விளம்பரக்காரர்கள் நினைத்ததைத் தாண்டிப் போனது. பாட்டைத் தேடி ஆட்கள் கிளம்ப, அது தனி இசைத்தட்டாக மறுபடி வெளியிடப்பட்டது. பதிவாகி முப்பது ஆண்டுக்குப் பின், பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் ஐந்தாம் இடம் வரை ஏறியது. நம்பர் 5க்குப் பாடிய பாட்டு ஐந்தில் போய் நின்றது தற்செயல்தான். பிரிஸ்டலில் இருந்த ஆர்ட்மேன் ஸ்டுடியோ களிமண் பூனைகளை வைத்து அதற்கு ஒரு வீடியோவும் செய்தது. இன்று பலருக்குப் பாட்டோடு நினைவுக்கு வருவது அந்தப் பூனைகள், புட்டி அல்ல. பாட்டை இரவல் வாங்குவதில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு.

எல்லா விளம்பரத்திலும் சொல் இப்படிப் பொருந்திவிடுவதில்லை. 2009இல் நம்பர் 5க்காக ஜான்-பியர் ஜூனே எடுத்த இரவு ரயில் படத்தில் ஒலிப்பது பில்லி ஹாலிடே 1958இல் பாடிய ‘ஐ’ம் எ ஃபூல் டு வான்ட் யூ’. கிடைக்காத ஒருவனுக்காகப் புலம்பும் பாட்டு. 2017இல் மிஸ் டியோர் சென்ட்டின் விளம்பரத்துக்கு எடுத்த சியாவின் ‘சாண்டலியர்’, குடித்துக் கூத்தாடித் தன்னை அழித்துக்கொள்ளும் ஒரு பெண்ணைப் பற்றியது. பார்ப்பவர்கள் பொதுவாக இதைப் பொருட்படுத்துவதில்லை. பல்லவியின் எழுச்சியும் குரலின் தழுதழுப்பும் காதில் ஏறுகின்றன. சரணத்தின் பொருள் வாசலிலேயே நின்றுவிடுகிறது.

பொதுவை அரிதாக்குதல்

ஒயின் கடை ஆய்வு வைத்த முடிச்சை விளம்பரக்காரர்கள் வேறொரு வழியிலும் அவிழ்க்கிறார்கள். ஹிட் பாட்டை எடுத்து, அதன் நடையைக் குறைத்து, டிரம்மைக் கழற்றி, செவ்வியல் இசைக்குரிய தந்திக் கருவிகளை உடுத்திவிடுகிறார்கள்.

2014இல் பாஸ் லூர்மன் இயக்கி ஜிசெல் பண்ட்ஷென் நடித்த நம்பர் 5 படம் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. பாட்டு ‘யூ’ர் தி ஒன் தட் ஐ வான்ட்’. 1978இல் ‘கிரீஸ்’ படத்துக்காக ஜான் ஃபாரர் எழுதியது. பேனா ஆய்வில் ‘பிடித்த இசை’யாக இருந்த அதே படம். மூலத்தில் ஜான் டிரவோல்டாவும் ஒலிவியா நியூட்டன்-ஜானும் திருவிழாக் கூட்டத்துக்கு நடுவே துள்ளிக்கொண்டு பாடுவார்கள். விளம்பரத்தில் லோ-ஃபாங் என்ற பாடகர் அதைத் தனிக் குரலில், பாதித் தூக்கத்தில் பாடுவது போல் இழுத்துப் பாடுகிறார். முதல் சில நொடிகளுக்கு அது புதிய பாட்டாகவே ஒலிக்கிறது. பிறகு ஒரு சொல் பிடிபடுகிறது. ‘அட, இது அதுதானே!’ என்ற கணம் வருகிறது.

அந்தக் கணத்துக்குப் பின்னால் இரண்டு பழைய கண்டுபிடிப்புகள் இருக்கின்றன. அடிக்கடி எதிர்ப்படுவது, வேறு காரணம் இல்லாமலே பிடித்துப்போகும் என்று ராபர்ட் ஸயான்ஸ் 1968இல் காட்டினார். இதைப் பழகுவிருப்பம் எனலாம். ஆனால் பழக்கம் அளவு மீறினால் சலிப்பு. முழுப் புதுமையும் பிடிக்காது, முழுப் பழமையும் பிடிக்காது, இரண்டுக்கும் நடுவில் விருப்பம் உச்சத்தில் இருக்கும் என்பது டேனியல் பெர்லைன் 1971இல் முன்வைத்த கருத்து. மெதுவாக்கிய ஹிட் பாட்டு சரியாக அந்த நடுவில் உட்காருகிறது. உடம்பு பழையது, உடை புதியது. எல்லாருக்கும் தெரிந்த பாட்டை ‘நான் கண்டுபிடித்தேன்’ என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக நினைக்கிறார்கள். பொதுச்சொத்து அந்த ஒரு நொடிக்குத் தனிச்சொத்தாகிறது.

வழி இது ஒன்றல்ல. 2007இல் கோகோ மாட்மொசெல் விளம்பரத்துக்கு நேட் கிங் கோல் புகழாக்கிய ‘எல்-ஓ-வி-ஈ’யை ஜாஸ் ஸ்டோன் பாடினார். 2010இல் குச்சி கில்டிக்கு டிபேஷ் மோடின் பாட்டை ஃப்ரெண்ட்லி ஃபயர்ஸ் குழு பாடியது. 2020இல் நம்பர் 5க்கு லார்டின் ‘டீம்’ பாட்டை நடிகை மாரியான் கோட்டியார் தாமே பாடினார். கடந்த சில ஆண்டுகளில் சினிமா டிரெய்லர்களும் இதே உத்தியைப் பிடித்துக்கொண்டுவிட்டன. குழந்தைப் பாட்டு வரை எல்லாம் சோகமாக முனகப்படுகிறது. இந்த உத்தியே பழகிப் பழகி இப்போது சலிக்கத் தொடங்கியிருக்கிறது.

ஒரு பாட்டு, இரண்டு பூட்டு

மெதுவாக்கிப் பாடவைப்பதில் ரசனை மட்டுமல்ல, காசுக் கணக்கும் உண்டு. ஒரு பாட்டில் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. மெட்டும் சொல்லும் ஒன்று. அது எழுதியவர்களுக்கோ அவர்களிடம் வாங்கிய பதிப்பாளருக்கோ சொந்தம். அதை ஒருவர் பாடிப் பதிவுசெய்த ஒலி இன்னொன்று. அது வழக்கமாக இசைத்தட்டுக் கம்பெனிக்குச் சொந்தம். விளம்பரப் படத்தோடு சேர்க்க இரண்டு பூட்டையும் திறக்க வேண்டும். வேறொருவரைப் பாடவைத்தால் முதல் பூட்டுக்கு மட்டும் சாவி வாங்கினால் போதும். மொஸார்ட், டெபுஸ்ஸி போன்றவர்களின் இசைக்கு முதல் பூட்டு ஏற்கெனவே கழன்றுவிட்டது.

மூன்றாவதாக ஒரு பூட்டு இருக்கிறது என்பது அமெரிக்காவில் 1988இல் தெரியவந்தது. ஃபோர்டு கார் விளம்பரத்துக்குப் பாட பெட் மிட்லர் மறுத்தார். மெட்டின் உரிமையை மட்டும் வாங்கி, அவருடன் முன்பு பின்பாட்டுப் பாடிய ஒருவரை அவரைப் போலவே பாடவைத்தார்கள். புகழ்பெற்ற பாடகரின் தனித்தன்மையுள்ள குரலை விற்பனைக்காகப் போலி செய்வது தவறு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. பிறகு மிட்லருக்கு 4 லட்சம் டாலர் இழப்பீடு கிடைத்தது.

நீனா சிமோனிடம் இரண்டு சாவியும் இல்லை. மெட்டும் சொல்லும் டொனால்ட்சன், கான் வாரிசுகளின் பக்கம். முதல் ஆல்பத்தின் ஒலிப்பதிவில் தமக்கு இருந்த உரிமையை அவர் இளவயதிலேயே 3,000 டாலருக்கு விற்றுவிட்டார். 1987இல் பாட்டு ஐந்தாம் இடத்துக்கு ஏறியபோது, வருமானத்தின் பெரும்பகுதி அவருடைய வீட்டு வாசலுக்கு வரவில்லை.

இந்தப் பூட்டுகளுக்கு ஆயுளும் உண்டு. அது நாட்டுக்கு நாடு மாறும். இந்தியச் சட்டத்தில் மெட்டுக்கும் சொல்லுக்கும் எழுதியவர் இறந்தபின் 60 ஆண்டு, ஒலிப்பதிவுக்கு வெளியான பின் 60 ஆண்டு. பிரிட்டனில் மெட்டுக்கும் சொல்லுக்கும் எழுதியவர் இறந்தபின் 70 ஆண்டு. கஸ் கான் 1941இலும் டொனால்ட்சன் 1947இலும் இறந்ததால் அங்கே முதல் பூட்டு 2017 முடிவில் கழன்றது. 1963க்கு முன் வெளியான ஒலிப்பதிவுகளுக்கு அங்கே 50 ஆண்டுதான். இரண்டாவது பூட்டு அதற்கும் முன்பே கழன்றுவிட்டது. அமெரிக்காவில் 1930இல் வெளியான பாட்டுக்கு 95 ஆண்டு, 2025 டிசம்பர் 31 வரை. சிமோனின் பியானோவும் குரலும் அடங்கிய அந்தப் பதிவுக்கு மட்டும் அங்கே 2067 பிப்ரவரி 15 வரை பூட்டு உண்டு.